குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் ஆவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ முடிக்கிறேன் மேடம். ஐந்து வருடப் படிப்பில் சேரட்டுமா, டிகிரி முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி. படிக்கட்டுமா?

வழக்காடும் உரிமையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இப்போதே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் ஐந்து வருடப் படிப்பில் ஒரு வருடம் மிச்சம். வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 45, ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் கிடைக்கும், நுழைவுத்தேர்வு கிடையாது. திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். குடும்ப வழக்குக்கென்று தனி உரிமமோ கட்டாய எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிப்போ எதுவும் இல்லை.

எனக்கு 38 வயது, வேலையில் இருக்கிறேன். தபால் வழியில் எல்.எல்.பி. படித்தால் போதுமா?

போதாது. தபால் வழி எல்.எல்.பி.யை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. வகுப்புக்குப் போய்ப் படித்தாக வேண்டும், பாடத்துக்கு 70 சதவீத வருகையும் வேண்டும். எல்.எல்.பி.க்கு முன் படித்த டிகிரி தொலைதூரக் கல்வியில் வாங்கியதாக இருக்கலாம். ஆனால் பத்தாவது, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி செல்லாது. மூன்று வருடமும் படித்து முடித்துப் பதிவு செய்யப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. சேருவதற்கு முன்பே சான்றிதழ்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, பதிவு செய்தபின் முழுநேரச் சம்பள வேலையில் நீடிக்க முடியாது.

படிக்கும்போதே என்ன செய்து வைக்கலாம்?

மூன்று வருடப் படிப்பில் 12 வாரம், ஐந்து வருடப் படிப்பில் 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். கையெழுத்து வாங்குவதோடு அதை முடித்துவிடாதீர்கள். ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடம் போய், முடிந்துபோன ஒரு விவாகரத்து வழக்குக் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படியுங்கள். மனு, எதிர்மனு, இடைக்கால மனுக்கள், சாட்சியம், தீர்ப்பு என்று அதே வரிசையில் போக வேண்டும். மனுவில் இருந்த எந்த வாக்கியம் குறுக்கு விசாரணையில், அதாவது எதிர்தரப்பு வக்கீல் சாட்சியைக் கேள்வி கேட்கும்போது, உடைந்தது என்று தேடுங்கள். பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது.

பதிவுக்கும் தேர்வுக்கும் எவ்வளவு ஆகும்?

வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 24-இன்படி பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய். முத்திரைத்தீர்வை தனி. அதற்குமேல் வேறு பெயர்களில் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் (ஏ.ஐ.பி.இ.) தேர்ச்சி பெற வேண்டும். நூறு கேள்விகள், தமிழிலும் எழுதலாம். பொதுப்பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறிப்பெழுதாத மூலச் சட்டப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம். அதை நம்பிப் படிக்காமல் போகிறவர்கள் பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

எந்த சீனியரிடம் சேர்வது? சம்பளம் தருவார்களா?

பெயரை மட்டும் பார்க்காதீர்கள். வாரத்தில் எத்தனை சாட்சி விசாரணை நடக்கிறது என்று பாருங்கள். சமரச விவாகரத்து மட்டுமே பார்க்கும் ஆபீஸில் மூன்று வருடம் இருந்தாலும் குறுக்கு விசாரணை பழகாது. முதல் இரண்டு வருடம் சிவில் வழக்கும் கொஞ்சம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டும் கலந்திருக்கும் ஆபீஸே நல்லது. காரணம், ஒரே குடும்பத் தகராறு பல கோர்ட்டுகளில் ஓடும்: விவாகரத்து குடும்பநல நீதிமன்றத்தில், குடும்ப வன்முறைச் சட்ட மனு மாஜிஸ்ட்ரேட்டிடம், சொத்துப் பாகப்பிரிவினை சிவில் கோர்ட்டில். குடும்பநல நீதிமன்றம் இல்லாத இடத்தில் இந்துத் திருமண மனு சப் கோர்ட்டுக்குப் போகும்.

ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாய் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. அது கட்டாயமில்லை. தொகையைச் சேரும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீலே ஆஜராக முடியாதாமே? அப்புறம் இந்தத் துறைக்கு ஏன் வர வேண்டும்?

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 13 சொல்வது, வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது என்பதுதான். தடை இல்லை. அனுமதி மனு போட்டு வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) தாக்கல் செய்கிறார்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனாலும் கட்சிக்காரர், அதாவது உங்களிடம் வழக்கைக் கொடுத்தவர், நேரில் வர வேண்டிய வாய்தாக்கள் உண்டு. கவுன்சலிங்கிலும் சமரச மையத்திலும் அவரே பேசியாக வேண்டும். எதற்குச் சம்மதிக்கலாம், எதை உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அவரை முன்கூட்டியே தயார் செய்வது உங்கள் பொறுப்பு. கோர்ட்டில் வாதாடுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் போகும்.

ஜூனியர்கள் எழுதும் மனுக்களில் அதிகம் தவறுவது எங்கே?

முதலாவது, தேதி. "அடிக்கடி கொடுமை செய்தார்" என்று எழுதினால் அதை நிரூபிக்கவும் முடியாது, எதிர்தரப்பு மறுக்கவும் சுலபம். எந்த மாதம், எந்த வீடு, யார் இருந்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று நான்கைந்து சம்பவங்களைத் தெளிவாக எழுதினால் போதும். நாற்பது சம்பவம் அடுக்கினால் நாற்பதிலும் குறுக்கு விசாரணை வரும். மனுவில் இல்லாததைச் சாட்சிக்கூண்டில் முதல்முறையாகச் சொன்னால், பிறகு சேர்த்துச் சொல்வதாகத் தள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது, எல்லை, அதாவது எந்த ஊர் கோர்ட்டில் மனு போடலாம் என்பது. இந்துத் திருமணச் சட்டம் 1955, பிரிவு 19-இன்படி திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் போடலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். இதை ஒரு பத்தியாக எழுதி, முகவரி ஆதாரம் இணைக்காவிட்டால் மனுவுக்கு வழக்கு எண் கிடைக்காமலே திரும்பி வரும்.

மூன்றாவது, காலம். திருமணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனு போட அதே சட்டத்தின் பிரிவு 14-இன் கீழ் தனி அனுமதி தேவை. பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பும் உண்டு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பானது. தானாகத் தளராது, மனு போட வேண்டும்.

நான்காவது, ஜீவனாம்சம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கட்சிக்காரரின் வங்கிக் கணக்கு விவரத்தை நீங்கள் பார்க்காமல் இதில் கையெழுத்து வாங்கிவிட்டால், எதிர்தரப்பு ஒரே ஒரு வரவை எடுத்துக்காட்டி முழு மனுவையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஜீவனாம்ச மனு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. பழைய மாதிரி மனுவை அப்படியே நகலெடுக்கிறவர்கள் இங்கே மாட்டுகிறார்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா?

போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன்கீழ் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பாகம்: ஒன்றில் தாக்கல் செய்பவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிப்பிட வேண்டும். குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 14 சாட்சிய விதிகளில் தளர்வு தருகிறது, ஆனால் அதை நம்பி சான்றிதழை விடுவது வீண் அபாயம். போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பத்து சதவீதம் ஃபீஸாகப் பேசலாமா?

கூடாது. வழக்கின் முடிவையோ கிடைக்கும் தொகையில் பங்கையோ வைத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. விளம்பரமும் கூடாது. மனு எழுத இவ்வளவு, விசாரணைக் கட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீடு தனி என்றும் அதிலேயே போடுங்கள்.

மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாளா, 90 நாளா?

குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 30 என்கிறது, இந்துத் திருமணச் சட்டம் 90 என்கிறது. டைரியில் 30 என்றே குறியுங்கள். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.