மாதவிலக்கு நின்றபின் மனச்சோர்வு: ஹார்மோன் எடுக்கலாமா? (கேள்வி பதில்)

குன்னூரில் 26 வருடமாகப் பெண்கள் நல மருத்துவராக இருக்கிறேன். "மாதவிலக்கு நின்றதிலிருந்து மனசு சரியில்லை, ஹார்மோன் எடுக்கலாமா" என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் மாத்திரை பெயர் எழுதித் தர மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.

கோத்தகிரி, வயது 49: நின்று 14 மாதம் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் காந்திக்கொண்டு எழுந்துவிடுகிறேன், அப்புறம் தூக்கமே இல்லை. பகலில் காரணமில்லாமல் அழுகை. ஹார்மோன் எடுத்தால் மனசு சரியாகுமா?

உங்களுக்கு உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை என்பது உடம்பில் குறைந்துபோன எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாகத் தருவது. அது மனச்சோர்வுக்கான மருந்து இல்லை, ஆனால் குப்பென்று ஏறும் சூட்டுக்கும் ராத்திரி வியர்வைக்கும் அதைவிட நன்றாக வேலை செய்வது வேறெதுவும் இல்லை. மாதக்கணக்கில் தினமும் இரண்டு மணிக்கு எழுந்தால் யாருக்குத்தான் மனசு நிலையாக இருக்கும்? தூக்கம் திரும்பினால் பலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. அதுபோக, மாதவிலக்கு நிற்கப்போகும் வருடங்களிலும் நின்ற புதிதிலும் எஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதே சிலருடைய மனநிலையை நேரடியாகப் பாதிக்கிறது. பிரிட்டனின் 2015 வழிகாட்டி நெறிகளிலேயே, மாதவிலக்கு நிற்பதை ஒட்டி வரும் மனத்தளர்ச்சிக்கு ஹார்மோனைப் பரிசீலிக்கலாம் என்று இருக்கிறது.

டாக்டரிடம் போகும் முன் தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு, இதே அழுகைதான். கர்ப்பப்பை இருப்பதால் எஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனும் கட்டாயம், இல்லாவிட்டால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தே மனசை இறக்கிவிடும், அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வகையை மாற்றலாம். தோலில் தடவும் ஜெல் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். மாத்திரையாக விழுங்கும் எஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், வழக்கமான அளவில் தடவும் ஜெல்லில் அந்தக் கவலை இல்லை.

ஊட்டி, வயது 66: நின்று 15 வருடம். போன வருடம் கணவர் தவறியதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. அந்த ஜெல் எனக்கு உதவுமா?

உதவாது அம்மா. நின்று 10 வருடம் தாண்டியபின் அல்லது 60 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பதில் இதயம், பக்கவாதம் சம்பந்தப்பட்ட ஆபத்து கூடுகிறது, மனசுக்குப் பலனும் இல்லை. உங்களுடையது துக்கம். அது ஒரு வருடத்துக்குப் பிறகும் இப்படி அழுத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால் அந்த நிமிடமே 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

அரவேணு: ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வரும் என்கிறார்களே?

இந்தப் பயம் 2002-இல் வந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஹார்மோன் எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய், எடுக்காதவர்களில் 30 பேருக்கு. அதாவது 10,000 பேரில் 8 பேர் கூடுதல். ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, கொடுத்தது எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்ந்த பழைய வகை இரட்டை மாத்திரை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இதையெல்லாம் சொல்லாமல் "கேன்சர்" என்ற ஒரு சொல் மட்டும் ஊரெல்லாம் பரவி, எத்தனையோ பெண்கள் பல வருடம் தூக்கமில்லாமல் கழித்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. சிறிய ஆபத்து, எடுக்கும் வருடங்கள் கூடக்கூட அதுவும் கூடும். எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வெலிங்டன்: அக்காவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை மீதி இருக்கிறது, நான் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது.

கேத்தி, வயது 53: நின்று இரண்டு வருடம். மனசு ரொம்பச் சோர்வு. போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது, மற்றபடி ஒன்றுமில்லை.

மனசை அப்புறம் பேசலாம். நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவே. இந்த வாரமே போங்கள். காரணம் தெரியும்வரை ஹார்மோன் கிடையாது.

கூடலூர், ஆண்: எங்கள் பாட்டிகள் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தார்கள், ஹார்மோனும் இல்லை டிப்ரஷனும் இல்லை. இதெல்லாம் இப்போது வந்த வியாதி.

இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பாட்டியிடம் கேட்டீர்களா?

ஒரு ஜனவரி காலை சொல்கிறேன். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிறது. கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். மூன்று தடவை முட்டி வலி என்று வந்து மாத்திரை வாங்கிப் போனவர். நான்காவது தடவை மருமகள் வெளியே போனபிறகுதான் சொன்னார்: "கூடையைத் தூக்கினாலே அழுகையா வருது டாக்டரம்மா. யார்கிட்ட போய்ச் சொல்ல?" உழைத்தவர்தான், அன்றைக்கும் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தார்.

கோத்தகிரி, ஆசிரியை: கூடலூர்க்காரருக்கு நான் பதில் சொல்கிறேன். என் பாட்டிக்கு "பேய் பிடித்திருக்கிறது" என்று வேப்பிலை அடித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

கூடலூர்: ஒன்றிரண்டு பேரை வைத்து எல்லோருக்கும் மாத்திரை விற்கக் கூடாது என்பதே என் வாதம்.

இதில் எனக்கும் சம்மதம். எல்லோருக்கும் வேண்டாம். பலருக்கு எதுவும் தேவைப்படாது, சிலருக்கு மனநலப் பேச்சுச் சிகிச்சையே போதும். ஆனால் "எல்லோருக்கும் வேண்டாம்" என்பதும் "அப்படி ஒன்றே இல்லை" என்பதும் ஒன்றல்ல. நீங்கள் முதலில் எழுதியது இரண்டாவது. அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளப்போகும் பெண்ணை நினைத்துத்தான் எனக்குக் கோபம்.

குன்னூர்: ஹார்மோனால் கேன்சர் வருமா?

அரவேணுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

குன்னூர், வயது 55: மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். சூடும் அழுகையும் தாங்கவில்லை.

உங்களுக்கு ஹார்மோன் வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள்: மனச்சோர்வு மருந்துகளில் பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும் தமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வென்லாஃபாக்ஸின் அந்த அளவுக்குத் தடுக்காது, சூட்டையும் குறைக்கும். யார் மருந்து எழுதினாலும் தமாக்சிஃபென் சீட்டை முதலில் காட்டுங்கள்.

கோத்தகிரி: 41 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஹார்மோன் பற்றி யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். தடை எதுவும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது கொடுப்பதே வழக்கம், மனசுக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் இதயத்துக்கும். கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக எஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆபரேஷன் சீட்டோடு ஒரு பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஊட்டி: எஃப்எஸ்ஹெச் டெஸ்ட் எடுக்கணுமா?

மாதவிலக்கு நிற்கும் கட்டமா என்று பார்க்கும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை அது. 45 தாண்டியவருக்கு, அறிகுறி தெளிவாக இருந்தால் தேவையில்லை.

குன்னூர்: கேன்சர் பயம் இருக்கிறது, பாதுகாப்பானதா?

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது.

கோத்தகிரி, முதலில் கேட்டவர்: டாக்டரைப் பார்த்தேன், ஜெல்லும் ராத்திரி மாத்திரையும் கொடுத்திருக்கிறார். எத்தனை நாளில் தெரியும்?

சூடு சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் கொடுங்கள். ஜெல் தடவிய இடம் காய்ந்தபிறகு உடுத்துங்கள், பேரப்பிள்ளையைத் தூக்கும் முன் கையைக் கழுவுங்கள், அந்த இடத்தில் குழந்தையின் தோல் படக் கூடாது. தூக்கம் வந்தும் மூன்று மாதத்தில் மனசு தேறவில்லை என்றால் அது தனியான மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. ஆரம்பத்தில் கொஞ்சம் ரத்தம் படலாம், பட்டாலே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டாலோ, நின்றது மறுபடி வந்தாலோ ஸ்கேன்.