வினைமுற்று எங்கே?

கேள்வி: அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், ஒரே எபிசோடில் முடிந்துவிடும் தனிக்கதைகளையே பாராட்டுகிறீர்கள். பல ஆண்டுகளாக வளர்ந்து செல்லும் பெருங்கதையைப் பின்தொடரும் பொறுமை உங்களுக்கு இல்லையா? தொடர் என்று பெயர் வைத்துக்கொண்டு தொடராமல் இருந்தால் எப்படி?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பொறுமையைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கும் 'தொடர்' என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. தமிழில் அந்தச் சொல்லுக்கு வாக்கியம் என்றும் ஒரு பொருள் உண்டு. வாக்கியம் என்றால் அது ஓரிடத்தில் முடிய வேண்டும். எச்சமாகவே நீண்டுகொண்டு போய், முடிக்கும் வினை வராமலே நின்றுபோவதை எந்தத் தமிழாசிரியரும் வாக்கியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனியே நின்று தன்னளவில் பொருள் முடியும் பாட்டு முத்தகம். பல பாட்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரே வினையைக் கொண்டு முடிந்தால் அது குளகம். தனித்து நிற்கும் பாட்டைச் சோம்பேறிகளின் வடிவம் என்று நம் இலக்கணம் ஒதுக்கவில்லை, நான்கில் அதைத்தான் முதலில் வைத்தது. குறுந்தொகையின் 401 பாடல்களும் அந்த இனந்தான். எட்டு அடிக்குள் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் சொல்லிவிட்டு நகர்ந்த புலவரிடம், அடுத்த வாரம் அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

நீங்கள் திருமங்கலத்துக்காரர் என்பதால் ஆவணி மூலத் திருவிழாவைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். பரஞ்சோதி முனிவர் 64 திருவிளையாடல்களையும் மூன்று காண்டங்களில் வரிசையாகப் பாடி வைத்தார். ஆனால் மீனாட்சி கோயிலில் நடிக்கப்படும் வரிசை வேறு. கரிக்குருவிக்கு உபதேசம் செய்தது புராணத்தில் 47ஆம் படலம். அதிலிருந்துதான் விழா தொடங்குகிறது. நாரைக்கு முக்தி கொடுத்த மறுநாள் 17ஆம் படலத்துக்குப் பின்னால் திரும்பி, மாணிக்கம் விற்றதைக் காட்டுகிறார்கள். பிட்டுக்கு மண் சுமந்தது 61, அதற்கு மறுநாள் வரும் விறகு விற்றது 41. இத்தனை முன்னும் பின்னுமாகப் போயும் எந்தக் குழந்தையும் குழம்பியதில்லை. சிம்மக்கல்லில் ஒரு நாள் மட்டும் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறவரும் ஒரு முழுக் கதையோடுதான் போகிறார். ஒவ்வொரு படலமும் தன் காலில் நிற்பதால் இது முடிகிறது.

ஸ்டார் ட்ரெக் பிழைத்ததும் இதே காரணத்தால்தான். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் ஒளிபரப்பாகி, போதிய பார்வையாளர் இல்லை என்று நிறுத்தப்பட்ட அந்தத் தொடரை, 1970களில் அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்கள் வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டன. பள்ளி விட்டு வந்த ஒரு பையன் எந்த நாளில் வந்து உட்கார்ந்தாலும், அன்றைக்கு ஒரு கப்பல், ஒரு கோள், ஒரு கேள்வி, அதற்கு ஒரு முடிவு என்று எல்லாம் அவனுக்குக் கிடைத்தன. அப்படி வந்து சேர்ந்தவர்களே பிறகு அதன் பெரும் ரசிகர் கூட்டமானார்கள். முந்தைய நாற்பது பகுதிகளைப் பார்த்தால்தான் புரியும் என்று எழுதப்பட்டிருந்தால், அந்தத் தொடர் 1969லேயே மறக்கப்பட்டிருக்கும்.

மின்வெட்டு என்பது என்ன என்று தெரிந்த எந்த மதுரைக்காரருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கழிந்த ஆண்டுகளில், ஒரு பெருங்கதையின் நடுப்பகுதியைத் தவறவிட்டு, அதன் பிறகு அந்தத் தொடரையே கைவிட்ட குடும்பங்கள் எங்கள் தெருவில் பல உண்டு. அவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் வசதிக்காக மட்டும் நான் தனிக்கதையின் பக்கம் நிற்கவில்லை. அறிவியல் புனைவு என்பதே 'இப்படி ஆனால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் கடைசி விளைவு வரை போய்ப் பார்க்கும் இலக்கியம். கடைசி விளைவைக் காட்டாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கேள்வி யாரும் உட்காராத நாற்காலியாகக் கதைக்குள் கிடக்கும். ஸ்டார் ட்ரெக்கின் வழியில் பிறகு வந்த 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில், 1992இல் ஒளிபரப்பான 'தி இன்னர் லைட்' என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். விண்கப்பலின் தலைவர் பிக்கார்ட், விண்ணில் மிதக்கும் ஒரு கருவியின் கதிர் பட்டு மயங்கி விழுகிறார். கப்பலில் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே கழிகிறது. அதற்குள் அவர் முன்பின் அறியாத ஒரு சிற்றூரில் கொல்லராக வாழ்ந்து, பிள்ளைகள் பெற்று, மனைவியைப் பறிகொடுத்து, பேரனைப் பார்த்து, ஒரு முழு ஆயுளையும் கழித்துவிடுகிறார். அந்த ஊரில் ஆண்டுக்கு ஆண்டு மழை குறைகிறது, மண் காய்கிறது. ஊர் நடுவே ஒரு சிறு மரத்துக்கு மட்டும் இருக்கும் தண்ணீரை ஊற்றி உயிரோடு வைத்திருக்கிறார்கள். இறுதியில்தான் தெரிகிறது: அந்தக் கோள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தன் சூரியனோடு அழிந்துவிட்டது, தங்களை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அந்த மக்கள் அனுப்பிய கருவி அது. கண்விழித்த பிக்கார்ட் கையில் அங்கே வாசித்த புல்லாங்குழல் மட்டும் மிஞ்சுகிறது.

வைகையில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத கோடைகளில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த மரம் எனக்கு நினைவுக்கு வரும். 1993இல் ஹியூகோ விருது பெற்ற இந்தக் கதையின் நீளம் முக்கால் மணி நேரம். இதை மூன்று சீசன்களுக்கு இழுத்திருந்தால் அந்தக் கோளின் அரசியலும் அதன் சதிகளும் வந்திருக்கும், மரம் பின்னால் போயிருக்கும்.

முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் 'தி டெவில் இன் தி டார்க்' என்ற பகுதி 1967இல் வந்தது. ஒரு சுரங்கத்தில் தொழிலாளர்களைக் கொல்லும் ஒரு விலங்கை வேட்டையாடப் போகிறார்கள். பாறையைத் துளைத்து வாழும் சிலிக்கன் உயிர் அது. உபயோகமற்ற உருண்டைக் கற்கள் என்று சுரங்கக்காரர்கள் உடைத்துப் போட்டவை அதன் முட்டைகள், அது தாய். உண்மை தெரிந்ததும் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று மேலூர் வட்டாரமே கொதித்தெழுந்து மதுரைக்கு நடந்து வந்தபோது, இந்தக் கதையைத்தான் நான் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. பாறை என்பது வெட்டி எடுப்பதற்கான பொருள் மட்டுமா என்று கேட்கும் கதையை டீக்கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் என்னால் சொல்லி முடிக்க முடிந்தது. ஐந்து சீசன் கதையை அப்படி எடுத்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கையும் தீர்த்துக்கொள்கிறேன். சிறுகதை என்பது நாவலுக்கான பயிற்சி என்று எழுத்தாள நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வாதாடினார். அன்று நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். அளவில் சிறியதைத் தகுதியில் சிறியதாக நினைக்கும் அதே பிழைதான், தொடர்ச்சி இருந்தால் ஆழமும் இருக்கும் என்று தொலைக்காட்சி விமரிசகர்களை இப்போது சொல்ல வைக்கிறது. 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய சதிக்கதை ஆண்டுக்கணக்கில் முடிச்சின் மேல் முடிச்சாகப் போயிற்று; அதை இன்று முழுதாக விளக்கக்கூடியவரை நான் சந்தித்ததில்லை. அதே தொடரில் 1995இல் வந்த ஒரு தனிக்கதை, ஒவ்வொருவரும் எப்படிச் சாவார் என்பதை முன்கூட்டியே காணும் ஒரு காப்பீட்டு முகவரைப் பற்றியது. அந்தக் கதையின் எழுத்துக்கும் அந்த முகவராக நடித்தவருக்கும் எம்மி விருதுகள் கிடைத்தன. பார்த்தவர்கள் அந்த முகவரை மறப்பதில்லை.

பெருங்கதையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவிளையாடலிலேயே மாணிக்கவாசகர் கதை 58 முதல் 61 வரை நான்கு படலங்களில் ஓடுகிறது. நரி பரியாகி, பரி நரியாகி, வைகை பெருகி, பிரம்படி பட்டு முடிகிறது. அது நல்ல குளகம், ஏனென்றால் வினை வந்து சேர்கிறது. 'பாபிலோன் 5' தொடரை அதன் ஆசிரியர் ஐந்தாண்டுக் கதையாகத் தொடக்கத்திலேயே திட்டமிட்டார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நான்காம் ஆண்டோடு நிறுத்தப்படும் என்ற அச்சத்தில் அவர் முக்கிய முடிச்சுகளை அவசரமாக அவிழ்க்க வேண்டியதாயிற்று, கடைசிப் பகுதியைக்கூட முன்கூட்டியே படம்பிடித்து வைத்தார். பிறகு ஐந்தாம் ஆண்டு கிடைத்தபோது சொல்லக் கதை குறைவாக இருந்தது. '1899' என்ற தொடருக்கு இந்த அவசரத்துக்குக்கூட வாய்ப்பில்லை. மூன்று சீசன்களாகத் திட்டமிடப்பட்ட அது 2022 நவம்பரில் வெளியாகி, 2023 ஜனவரியில் ரத்தாயிற்று. எட்டுப் பகுதிகள் பொறுமையாகப் பின்தொடர்ந்தவர்களின் கையில் ஓர் எச்சம் மட்டும் நிற்கிறது. ஆகவே பொறுமையைப் பற்றிய கேள்வியை, முடிவை எழுதாமலே மக்களின் நேரத்தைக் கடன் வாங்குகிறவர்களிடம் முதலில் கேளுங்கள்.

மனிதர்கள் வளர்வதையும் நான் எதிர்க்கவில்லை. பிக்கார்டின் புல்லாங்குழல் அடுத்த ஆண்டு வேறொரு கதையில் திரும்ப வருகிறது. பழைய கதை தெரிந்தவருக்கு அங்கே நெஞ்சு கனக்கும், தெரியாதவருக்கும் அன்றைய கதையில் எதுவும் குறையாது. 2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் இந்த முறைக்கே திரும்பியது. நினைவுகள் அடுத்த வாரத்துக்குத் தொடரட்டும், ஆனால் அன்றைய வழக்குக்கு அன்றே தீர்ப்பு வர வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 'தி இன்னர் லைட்' பகுதியை மட்டும், முன்கதை எதையும் படிக்காமல், வீட்டில் இந்தத் தொடரைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். என் கருத்துக்கு எதிராக இருந்தாலும் உங்கள் கடிதத்தை இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுகிறேன்.