அத்தை வானொலியில் பேசினார்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம். கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். வீட்டில் நான், அத்தை, இரண்டு பிள்ளைகள். எங்கள் பகுதிக்கென்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. காலையில் குடும்பம், பிள்ளை வளர்ப்பு, ஊர் விஷயம் என்று ஒரு தலைப்பைக் கொடுத்து நேயர்களைப் பேசச் சொல்வார்கள். அத்தை அதை விடாமல் கேட்பார்.

போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தலைப்பு. அத்தை போன் போட்டுப் பேசியிருக்கிறார். மகன் வாரத்துக்கு ஒரு நாள்தான் கூப்பிடுகிறான், மனைவியிடம் பேசி முடித்த மிச்ச நேரம்தான் எனக்கு, மருமகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறாள் என்று சொன்னாராம். பெயர் சொல்லவில்லை. குரலை வைத்தே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நான் அப்போது நூறு நாள் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும் வழியில் நாலு பேர் நிறுத்திச் சொன்னார்கள். நிகழ்ச்சி நடத்திய பெண், மருமகள்கள் பெரியவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் என்ன குறைந்துவிடும் என்று அறிவுரை வேறு சொன்னாராம். அன்று இரவே குவைத்துக்கும் விஷயம் போய்விட்டது.

அத்தையிடம் நான் இதுவரை எதுவும் கேட்கவில்லை. வீட்டு விஷயத்தை இப்படி வானொலியில் பேசலாமா? யூடியூப் வந்துவிட்ட காலத்தில் இப்படி ஒரு வானொலி எதற்கு? இனிமேல் பேசக் கூடாது என்று அத்தையிடம் சொல்லிவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது, கையோடு தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோபம் அத்தையின் மேல் போக வேண்டாம். மகன் குரலைக் கேட்க ஏங்குகிற ஒரு தாய் அதை வாய்விட்டுச் சொன்னதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதை எப்படி வாங்கிக்கொள்வது, எந்த இடத்தில் பேச்சைத் திருப்புவது என்பதெல்லாம் நிகழ்ச்சி நடத்தியவரின் பொறுப்பு. தவறு அங்கேதான் நடந்திருக்கிறது.

எதற்கு இந்த வானொலி என்று கேட்டதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். வானொலி ஒலிபரப்பாகும் வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் உள்ளூர் மக்கள் கைக்கு வானொலி வரவில்லை. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் தன் நிலையத்தைத் தொடங்கியது. தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்று 2006 நவம்பரில்தான் விதியை மாற்றினார்கள்.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன. இந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்துகொள்ளலாம். அரசியல் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும். செய்தியும் அரசியலும் போய்விட்டால், நாள் முழுக்கப் பேச மிச்சம் இருப்பது வீடும் தெருவும்தான். இந்தத் தடை எனக்கு உடன்பாடில்லை. மக்கள் கையில் இருக்கும் வானொலியே மக்களுக்குச் செய்தி சொல்ல முடியாது என்பது பெரிய குறை. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மருமகளோடு மனத்தாங்கல், பிள்ளையின் படிப்பு, வயதானவரின் தனிமை எல்லாம் நாலு பேர் உட்கார்ந்து பேசத் தகுந்த விஷயங்களாக ஒலிபரப்பில் இடம்பிடித்தன. பெரிய வானொலிகள் இவற்றுக்கு மகளிர் நிகழ்ச்சி என்று கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

உங்கள் பிரச்சினைக்கு வேர் இன்னொரு நிபந்தனையில் இருக்கிறது. அலையின் வலு 100 வாட், ஆன்டெனாவின் உயரம் 30 மீட்டர். சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் அதிகம். அதற்குள் பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள், ஒரே பேருந்தில் ஏறுகிறவர்கள். யூடியூபில் குடும்ப ஆலோசனை சொல்கிறவருக்கு உங்கள் ஊரைத் தெரியாது, அவர் பேசுவது எல்லாருக்கும் பொருந்த வேண்டும். பாம்பனில் 2016இலிருந்து மீனவர்களுக்கென்று நடக்கும் கடல் ஓசை வானொலியில் கடலுக்குப் போனவர் வரத் தாமதமானதைப் பற்றி ஒருவர் பேசினால், கேட்கிற வீடுகளில் பலவும் அந்தக் காத்திருப்பில் இருந்தவைதான். அது எதைப் பற்றிய பேச்சு என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த நெருக்கம்தான் உள்ளூர் வானொலியின் பலம். பெயர் சொல்லாவிட்டாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடுவதும் இதே நெருக்கத்தால்தான். பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபத்தை மறந்துவிட்ட நிகழ்ச்சி என்றுதான் நீங்கள் சொன்னதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்று ஒரு கிராமம். அங்கே தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. நிலையத்தை நடத்திய இருவருக்கும் நரசம்மா என்றுதான் பெயர். ஒருவர் ஜெனரல் நரசம்மா, இன்னொருவர் அல்கோல் நரசம்மா. ஒலிப்பதிவுக் கூடம் 1998லேயே தயாராகிவிட்டது. அனுமதிதான் வரவில்லை. அந்தப் பத்து வருஷமும் அந்தப் பெண்கள் பதிவு செய்வதை நிறுத்தவில்லை. விதை, சமையல், கைவைத்தியம், பாட்டு, சண்டை சமாதானம் எல்லாவற்றையும் கேசட்டில் பிடித்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். ஊர்ப் பேச்சை ஊருக்கு முன்னால் எப்படி வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று பழக அவர்களுக்கு அவ்வளவு காலம் கிடைத்தது. அவர்கள் பேசுவது அந்த வட்டாரத்துத் தெலுங்கு, ஹைதராபாத் அறிவிப்பாளரின் தெலுங்கு அல்ல.

இந்தப் பழக்கம் எல்லா நிலையத்துக்கும் வாய்ப்பதில்லை. பல இடங்களில் குறைந்த சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ ஊர்ப் பிள்ளைகள்தான் ஒலிவாங்கிக்கு முன் உட்காருகிறார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்தது தொலைக்காட்சி. குடும்பச் சண்டையை மேடையேற்றி, இரண்டு பக்கத்தையும் அழவைத்து, நடுவில் ஒருவர் தீர்ப்புச் சொல்கிற நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, போனில் ஒருவர் குறை சொன்னதும் பதில் சொல்லியாக வேண்டும் என்று பதறிவிடுகிறார்கள். உங்கள் அத்தை பேசியபோது அந்தப் பெண், “உங்க மகன் கடைசியா கூப்பிட்டப்போ என்ன பேசினீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பேச்சு மருமகளை விட்டு மகன் பக்கம் போயிருக்கும். குவைத்துக்கும் நம்மூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அவர் வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடும்போது அத்தை தூங்கியிருக்கலாம். இதே சிக்கல் இருக்கும் இன்னொரு வீட்டிலிருந்து, நாங்கள் வெள்ளிக்கிழமைக் காலையை அம்மாவுக்கென்று ஒதுக்கிவிட்டோம் என்று ஒருவர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அறிவுரை சொல்வதைவிட அந்த நிகழ்ச்சி செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பற்றிய பேச்சு என்றால் அதை நேரலையில் விடவே கூடாது என்பது என் கட்சி. முதலில் பதிவு செய்ய வேண்டும், அடையாளம் தெரிகிற இடங்களை வெட்ட வேண்டும். இல்லையென்றால் கடிதமாக வாங்கி வேறு குரலில் படிக்கலாம், சிறு நாடகமாக மாற்றலாம். அடி உதை, குடித்துவிட்டுச் சண்டை என்று போகிற அழைப்பென்றால் அதற்கு வானொலி இடமே அல்ல. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியவர்களுக்கு 14567 என்று உதவி எண்கள் இருக்கின்றன. ஒலிபரப்பை நிறுத்திவிட்டு அந்த எண்ணைக் கொடுத்து, கூடவே ஒருவர் பேசவும் வேண்டும்.

1956இல் புனே வானொலியில் ஒரு முயற்சி நடந்தது. பம்பாய் மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் கேட்போர் குழுக்களை அமைத்தார்கள். குழு ஒன்றாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்கும், முடிந்ததும் தங்களுக்குள் பேசும், கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்பும், அடுத்த நிகழ்ச்சிகளில் பதில் வரும். நம் பக்கத்தில் திருச்சி வானொலி சொல்லிப் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சாவூர் விவசாயிகள் ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். வானொலி சொன்னதை நாலு பேர் கூடிப் பேசும்போதுதான் அது வீட்டுக்குள் வந்து சேர்கிறது. உங்கள் தெருவிலும் நாலு பேர் பேசினார்கள். பதில் சொல்ல உங்களுக்கு மட்டும் வழியில்லாமல் போய்விட்டது.

அதனால் அத்தையைத் தடுக்காதீர்கள். மகனும் பக்கத்தில் இல்லை, நீங்களும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், நாள் முழுக்கத் தனியாக இருப்பவர் அவர். சொல்ல ஆள் கிடைத்தது, சொன்னார். அவர் என்ன சொன்னார் என்பதையே நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு வந்து சேர்ந்தது வழியில் நின்ற நாலு பேரின் சொல். செல்போனைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில் உங்களைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னாரா, அதைத் தெரு விட்டுவிட்டதா என்பது நமக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிகளின் அனுமதி நிபந்தனை. போன மாதம்தானே, பதிவு இருக்க வேண்டும். நிலையத்துக்குப் போய், இன்ன தேதி நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டு நிலையப் பொறுப்பாளரிடம் உங்கள் குறையைச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. கணவர் வெளிநாட்டில் இருக்க மாமியாரோடு குடும்பம் நடத்தும் பெண்கள் பேச ஒரு நாள் நிகழ்ச்சி வேண்டும், அது பதிவு செய்த பிறகு ஒலிபரப்பாக வேண்டும் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆலோசனை, உள்ளடக்கக் குழு என்று ஒன்று உண்டு. அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024இல் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் நிலையத்தில் அந்தக் குழு இருக்கிறதா, யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இடம் இருந்தால் நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்.