வாள் தோரணத்துக்குக் கடன் வேண்டாம்

கேள்வி: என் மகன் இராணுவத்தில் கேப்டன். தை மாதம் வேலூரில் திருமணம். உடன் பணிபுரியும் அதிகாரிகள் எட்டுப் பேர் சீருடையில் இரு வரிசையாக எதிரெதிரே நின்று, வாள்களை உயர்த்தி வாள் தோரணம் பிடிக்க, மணமக்கள் அதனூடே நடந்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. கையிருப்பு போதாது. 6 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: அந்த ஆசைக்கு 6 லட்சம் எதற்கு? சீருடைக்கும் வாளுக்கும் யூனிட்டில் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்வது உங்கள் மகன் பொறுப்பு. உங்கள் பொறுப்பு, வருகிறவர்கள் தங்குமிடம். நான்கு அறை, இரண்டு இரவு, அறைக்கு 2,500 என்றாலும் 20,000 ரூபாய்தான். கூடவே, நடைபாதைக்கு மேல் பூச்சரங்களை உயரமாகக் கட்டச் சொல்லுங்கள். வாள் நுனி மல்லிகையில் சிக்கினால் வீடியோவில் காலத்துக்கும் இருக்கும்.

வழக்கம்போல் முந்தின நாள் மாலையே வரவேற்பு வைத்துவிடாதீர்கள். தம்பதியானவர்கள் முதன்முதலாக நடந்து வருவதற்குத்தான் அந்தத் தோரணம். தாலி ஏறிய பிறகு, அன்றே வைத்துக்கொண்டால் மண்டப வாடகையிலும் ஒரு வேளைச் சாப்பாட்டிலும் மிச்சமாகும்.

எனக்குக் கவலை தேதியைப் பற்றித்தான். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், விடுப்பில் ஊருக்கு வந்திருந்த வீரர்கள் பாதியிலேயே திரும்ப நேர்ந்தது. அதனால் மண்டபம், சமையல், புகைப்படம் மூன்றிலும் தேதி மாறினால் முன்பணம் அடுத்த தேதிக்குச் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். இதற்குச் சம்மதிக்கும் மண்டபம் வாடகையில் கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் கொடுக்கலாம்.

கடன் கணக்கையும் பாருங்கள். 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 13,350 ரூபாய். வட்டி மட்டுமே 2 லட்சம். உங்கள் மகனுக்கு அதிகாரிகளுக்கான சேமநல நிதி இருக்கும். அதில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் வட்டி 7.1 சதவீதம்தான். திருமணத்துக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்க வழி உண்டு. பற்றாக்குறைக்கு அதைத்தான் முதலில் கேட்பேன்.

மொய் மணமக்கள் பெயரிலேயே வரட்டும்; திருமணப் பரிசுக்கான வருமான வரி விலக்கு அவர்களுக்குத்தான், பெற்றோருக்கு இல்லை.

தமிழ்நாட்டில் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். விடுப்பு முடிவதற்குள் அதை முடித்து, சான்றிதழ் நகலை மகனிடம் கொடுத்தனுப்புங்கள். யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (திருமணம் போன்ற சொந்த விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) போட்டு மருமகள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற அது வேண்டும். சேமநல நிதியிலும் காப்பீட்டிலும் நியமனதாரராக இன்னும் உங்கள் பெயரே இருந்தால், அதையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.