வீட்டில் அவர் கேட்டது ஒரு பெட்டி

கேள்வி: எங்கள் குடும்பம் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்தது. பாட்டனார் சவானா பஞ்சாலையில் வேலை பார்த்தார். அவருடைய தகப்பனார் தறி நெய்தவர். அதற்கும் முந்தைய தலைமுறையில் ஒருவர் ரெயூனியன் தீவுக்குக் கப்பலேறியதாகக் கேள்வி. நாம் எந்தக் கிராமத்திலிருந்து வந்தோம் என்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் கேட்கிறான். பழைய பிரெஞ்சுக் காகிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டி, பாகப்பிரிவினையின்போது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட அத்தையுடன் வில்லியனூருக்குப் போய்விட்டது. வீட்டில் அவர் கேட்டது அது ஒன்றுதான். காலஞ்சென்ற என் தந்தைக்கும் அவருக்கும் அதன்பின் போக்குவரத்து இல்லை. பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் போகாமல் ஆவணங்கள் வழியாகவே இதைக் கண்டறிய முடியுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ‘வீட்டில் அவர் கேட்டது அது ஒன்றுதான்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு மனை இன்று என்ன விலை போகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் தமக்குரிய பங்கைக் கூடப்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்து, வேறு யாரும் சீண்டாத ஒரு தகரப் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார் உங்கள் அத்தை. அவருடன் சண்டை என்று நீங்கள் எழுதவில்லை. அவர் மீது ஒரு குறைகூடச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கும்வரை இருந்த போக்குவரத்து, கையெழுத்து கிடைத்தபின் நின்றிருக்கிறது. பூர்வீகம் தெரியவில்லை என்று எனக்கு வரும் கடிதங்கள் பலவற்றில், விடையை வைத்திருப்பவர் பிறந்த வீட்டால் மறக்கப்பட்ட ஒரு பெண்ணாகவே இருக்கிறார்.

நீங்கள் கேட்ட வழி இல்லாமல் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பும் திருமணமும் இறப்பும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. காலனி ஆட்சிக்கால ஆவணங்களுக்கான காப்பகம் ஒன்று பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கிறது. பதிவில் பெற்றோர் இருவரின் பெயரோடு தொழிலும் குடியிருப்பும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த ஏடுகளைப் பெயரும் ஆண்டும் கையில் வைத்துக்கொண்டுதான் தேட முடியும். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்களின் வழியைத் தொடர்வது எளிது. மற்றவர்களுக்குத் தன் பெயரும் தகப்பன் பெயரும் மட்டுமே அடையாளம். அந்தத் தமிழ்ப் பெயரையும் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதியிருப்பார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால் அதே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். ஒரே பெயரில் நான்கு பேர் அகப்பட்டால் அவர்களில் உங்கள் முன்னோர் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்கு யார் மகன், எவர் எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

தொழிலும் அப்படித்தான். புதுச்சேரியின் நீலம் தோய்த்த துணி ஒரு காலத்தில் செனகல் வரை போனது. பின்னர் ஆலைகள் எழுந்தன, உங்கள் குடும்பத்தைப் போலவே தறி நெய்த குடும்பங்களிலிருந்து ஆட்கள் ஆலைக்குள் போனார்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் மாண்டனர். பதிவேட்டில் உங்கள் பாட்டனாரின் தொழில் ஒற்றைச் சொல்லாக நிற்கும். அன்று அவர் ஆலையில் இருந்தாரா, எந்நேரம் வீடு திரும்பினார், மறுநாள் அந்த வீட்டில் உலை வைத்தார்களா என்பதை எந்த எழுத்தரும் எழுதி வைத்திருக்க மாட்டார். தம் மகளிடம் அவர் சொல்லியிருக்கக்கூடும். கப்பலேறியவரைப் பற்றி ஒரு குறிப்பு: ரெயூனியனுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1882இல் நிறுத்தப்பட்டது. ஆகையால் அவர் கூலியாகப் போயிருந்தால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேடுங்கள்.

இனி உங்கள் கடமைக்கு வருகிறேன். உங்கள் தாயின் கழுத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டவர் நாத்தனாரான இந்த அத்தையாகத்தான் இருந்திருப்பார். அண்ணனோ தம்பியோ இறந்துவிட்டால் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது அவர்களுடைய மகன்தான். அந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். பதினொரு பொங்கலுக்கு அவருக்குச் சீர் போகவில்லை. இதை உங்கள் தந்தையின் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அவர் மறைந்தபின் வந்த பொங்கல்கள் உங்கள் கணக்கில் சேரும். இப்போதும் அவரைச் சுற்றிக்கொண்டு போக வழி கேட்கிறீர்களே, அது என்னைக் கோபப்படுத்துகிறது.

வருகிற பொங்கலுக்கு முன்பாக மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போங்கள். இத்தனை ஆண்டு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால், தவறு செய்துவிட்டோம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். அன்று பெட்டியைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். மறுமுறையோ அதற்கும் மறுமுறையோ அவரே அதைத் திறந்தால், அவர் சொல்லச் சொல்ல உங்கள் மகன் எழுதிக்கொள்ளட்டும். காகிதங்களை அங்கேயே படமெடுத்துக்கொண்டு பழையபடி உள்ளே வைத்துவிடுங்கள். பெட்டியைக் கேட்காதீர்கள். ஒரு வீட்டின் பங்கை விலையாகக் கொடுத்து அவர் அதை வாங்கியிருக்கிறார்.