வாசகர் கேள்வி பதில்: தகரப் பெட்டியில் கிடைத்த புராணப் படங்கள்

எங்கள் தாத்தா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அவருடைய பழைய தகரப் பெட்டியில் 1913இல் லண்டனில் அச்சான ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. இந்து, பௌத்தப் புராணக் கதைகள், நடுநடுவே வர்ணப் படங்கள். ஆனால் படங்கள் எல்லாமே சாயம் போனது போல மங்கலாக இருக்கின்றன. ஈரத்தில் கெட்டுவிட்டனவா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பண்டாரவளை

கெட்டிருக்காது டீச்சர். அச்சான அன்றைக்கே அவை அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது சகோதரி நிவேதிதாவும் ஆனந்த குமாரசுவாமியும் எழுதி ஹாரப் நிறுவனம் வெளியிட்ட நூல். படங்களை எண்ணிப் பாருங்கள், 32 இருந்தால் ஒன்றும் தொலையவில்லை. வரைந்தவர்கள் கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரும் அவரைச் சுற்றி இருந்த இளம் ஓவியர்களும். நந்தலால் போஸ், மைசூரிலிருந்து அங்கே போய்ப் படித்த கே. வெங்கடப்பா, க்ஷிதீந்திரநாத் மஜும்தார் எல்லாரும் அந்தக் கூட்டம்தான்.

அந்த மங்கல் அவர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்தது. 1903இல் யொகொயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் அவனீந்திரநாத் தன்னுடைய முறையை உருவாக்கினார். தாளில் நீர்வர்ணத்தைப் பூசி, காய்ந்ததும் தாளை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே இன்னொரு பூச்சு, மறுபடி தண்ணீர், மறுபடி பூச்சு என்று போகும். ஒவ்வொரு தடவையும் மேலே நிற்கிற சாயம் கழுவப்பட்டுப் போய்விடும், தாளுக்குள் ஊறினது மட்டும் தங்கும். அதனால்தான் உருவத்துக்கும் பின்னணிக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை தெரியாது, நுவரெலியாவில் மார்கழி மாதத்துக் காலையில் எதிர்மலை தெரிகிற மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று தகடு வைத்து அச்சிடும் அந்தக் காலத்து முறைக்கு இவ்வளவு மெல்லிய பூச்சைப் பிடிக்கிற சக்தி கிடையாது. அசலில் இருந்த வெளிச்சம் அச்சில் கொஞ்சம் தவிட்டு நிறமாகிவிட்டது. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள், வர்ணம் முழுக்க ஒழுங்கான சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும்.

ஆனந்த குமாரசுவாமி நம் நாட்டவரா? மலையகத்தோடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், ஹட்டன்

உண்டு, நிறையவே உண்டு. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது ஆவதற்குள் தந்தை இறந்துவிட்டதால் இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் படித்து, இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். பலாங்கொடைப் பக்கத்தில் 1904இல் தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கண்ணில் கண்டி நாட்டுக் கைவினைஞர்களின் வேலைதான் அதிகம் பட்டது. கொல்லர், தச்சர், விகாரைச் சுவரில் சித்திரம் எழுதுகிறவர் எல்லாரையும் பார்த்து, பேசி, குறித்துவைத்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். அச்சிட்டது 425 பிரதிகள்தான்.

அந்தக் கண்ணை அவருக்குக் கொடுத்தது கண்டி என்றுதான் நான் நினைக்கிறேன். கல்கத்தா ஓவியர்களின் படங்களை அவர் உடனே புரிந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்துக் கதைகளையும் பௌத்தக் கதைகளையும் ஏன் ஒரே புத்தகத்தில் போட்டார்கள்? இரண்டும் வேறு வேறு சமயம் இல்லையா?
– கல்லூரி மாணவி, மாத்தளை

சமயம் வேறுதான் தங்கச்சி, ஆனால் கதை சொல்கிற மண் ஒன்று. குமாரசுவாமிக்கு இது வீட்டிலேயே இருந்த விஷயம். அவருடைய தந்தை அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவர், தாதாவம்சம், சுத்தநிபாதம் என்ற பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. ஓவியர்கள் பக்கம் பார்த்தால், நந்தலாலும் வெங்கடப்பாவும் இந்தப் புத்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அஜந்தா குகைக்குப் போய், அங்கிருந்த ஜாதகக் கதைச் சித்திரங்களை (புத்தரின் முற்பிறவிக் கதைகள்) பார்த்துப் பிரதி எடுத்திருந்தார்கள். சிவனை வரைகிற கையும் போதிசத்துவரை வரைகிற கையும் ஒரே கையாக இருந்தது.

கண்டிக்குப் போகும்போது தெகல்தொருவ விகாரையைப் போய்ப் பார். 18ஆம் நூற்றாண்டில், நாயக்கர் வம்சத்து அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் உண்டான குகை விகாரை. வெஸ்ஸந்தர ஜாதகம் சுவரில் நீளமான பட்டைகளாக ஓடும், சிவப்புப் பின்னணியில். வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிற அதே இளவரசன் அடுத்தடுத்து மறுபடி மறுபடி வருவான், நாம் நடந்துகொண்டே கதையைப் படிக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கூரையில், புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை. அந்தக் கோவில் கட்டியவன் தென்னிந்திய இந்துக் குடும்பத்து வாரிசு, கட்டியது பௌத்த விகாரை. உன் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எங்கள் தோட்டத்தில் அர்ச்சுனன் தபசு ஆடுவார்கள். அந்தக் கதை இந்தப் படங்களில் இருக்கிறதா?
– வாசகர், தலவாக்கலை

இருக்கிறது தம்பி. சிவன் வேடனாக வந்து அர்ச்சுனனோடு மோதுகிற இடத்தை நந்தலால் வரைந்திருக்கிறார். இரண்டு பேர் அம்பும் ஒரே பன்றி மேல் பாய்ந்து, யார் அடித்தது என்று சண்டை மூளுமே, அந்தக் கதைதான். கூத்தில் இதற்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும், கம்பம் ஏறி அர்ச்சுனன் பாடி முடிக்கவே எவ்வளவு நேரம்! ஓவியனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம். உங்கள் கூத்து வாத்தியாரிடம் இந்தப் படத்தைக் காட்டி, கூத்தில் இது எந்தக் கட்டம் என்று கேளுங்கள். அவர் சொல்லக்கூடியது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ரவிவர்மா படம் அழகா, இந்தப் படங்கள் அழகா?
– வாசகி, கம்பளை

ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் தோட்டத் தொழிலாளர் லயத்துச் சாமி மாடம் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள், அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. அவர் எதிரே ஒரு பெண் நிற்பது போலத் தெய்வத்தை வரைந்தார், பட்டுச்சேலைச் சரிகை வரைக்கும் தெரியும். கல்கத்தாக்காரர்களோ அந்த ஐரோப்பிய எண்ணெய்வர்ண முறையே வேண்டாம் என்று விலகினவர்கள். எனக்கு எது பிடிக்கும் என்றால், நந்தலால்தான். நாய் ஒன்று மட்டும் கூட வர, தருமர் கடைசிப் பயணம் போகிற அவருடைய படம் ஒன்று போதும்.

படங்களைக் கிழித்தெடுத்துச் சட்டம் போடலாமா?
– முதலில் எழுதிய அதே ஆசிரியை

தயவுசெய்து வேண்டாம் டீச்சர். பக்கத்தில் கதை இருந்தால்தான் படம் பேசும். வழவழப்பான தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. செலோடேப் போடாதீர்கள், பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நல்ல வெயில் காலத்தில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால், ஸ்கேன் எடுத்து அதற்குச் சட்டம் போடுங்கள்.