மேடையும் மந்தையும்

கேள்வி: சென்ற இதழில் மரியா வரேலா என்கிற அமெரிக்கப் புகைப்படக்காரரின் "பண்பாட்டுப் பெருமை"யைப் பாராட்டியிருந்தீர்கள். நம் ஊரில் யாராவது பெருமை பேசினால் பழம்பெருமை என்று சாடுகிறீர்கள். மெக்சிகோ வழிப் பெண் பேசினால் மட்டும் இனிக்கிறதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பேசியிருந்தால் எனக்கும் இனித்திருக்காது. அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

1963-ல் அவர் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் சேர்ந்து அலபாமாவின் செல்மா நகருக்குப் போனார். படம் எடுக்கப் போகவில்லை, எழுத்தறிவிக்கப் போனார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வருகிற கறுப்பர்களுக்கு அங்கே அப்போது ஓர் எழுத்தறிவுத் தேர்வு இருந்தது. தேறினாரா இல்லையா என்று சொன்னது வெள்ளைக்கார அதிகாரி. செல்மா இருக்கிற கவுன்டியில், நம் மாவட்டம் மாதிரி, ஓட்டுப் போடும் வயதில் சுமார் 15,000 கறுப்பர்கள் இருந்தார்கள். பட்டியலில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான்.

காலமெல்லாம் பருத்திக்காட்டில் உழைத்த ஒரு பெரியவருக்கு எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? இருந்தவை குழந்தைகளுக்கானவை. கறுப்பர்கள் தாங்களே கூடி, தாங்களே முடிவெடுத்து வேலை செய்கிற படங்களைத் தேடினார், கிடைக்கவில்லை. சரி, நாமே எடுப்போம் என்று மாட் ஹெரன் என்ற புகைப்படக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். மிசிசிப்பியின் பேட்ஸ்வில் பக்கம் கறுப்பின விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து வெண்டைக்காய் விற்ற கதையைச் சிறு படநூலாக்கினார். ஆமாம், நாம் சாம்பாரில் போடுகிற அதே வெண்டைக்காய்தான். அடிமை வணிகக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த காய். அந்த நூலின் நாயகர்கள் விவசாயிகள். இன்னொரு ஊர் விவசாயி அதைப் புரட்டும்போது அவருக்குத் தன் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இங்கே அவர் கொண்டாடியது தன் இனத்தைக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தன் மக்களிடம் அவர் போனது அப்புறம்தான். அறுபதுகளின் கடைசியில் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நிலம் பெரிய காயம். 1848-ல் அந்தப் பகுதி மெக்சிகோவின் கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. சொத்து பத்திரமாக இருக்கும் என்று ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்தார்கள். ஆனால் ஊர்ப் பொதுவில் இருந்த மேய்ச்சல் நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறிப் போயின. மேய்க்க நிலம் இல்லாவிட்டால் ஆடு இல்லை. ஆடு இல்லாவிட்டால் கம்பளி இல்லை, தறிக்கு வேலை இல்லை. இளைஞர்கள் ஊரில் இருந்து என்ன செய்வார்கள்?

எண்பதுகளில் லோஸ் ஓஹோஸ் என்ற சிற்றூரில், உள்ளூர் ஆட்டுக்காரர்களோடு சேர்ந்து வரேலா ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'கனாடோஸ் டெல் வாயே', பள்ளத்தாக்கின் மந்தைகள் என்று பொருள். அவர்கள் திரும்பக் கொண்டுவந்தது சுர்ரோ என்ற செம்மறி. ஸ்பானியர்களோடு வந்து அந்த வறண்ட மண்ணுக்குப் பழகிப்போன இனம். எழுபதுகளில் ஐந்நூறுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டிருந்தது. மெலிந்த ஆடு, கறி அதிகம் தேறாது என்று சந்தை ஒதுக்கிய இனம் அது. ஆனால் அதன் கம்பளியைத் தொட்டுப் பார்த்த நெசவாளிக்குத் தெரியும்: மேலே நீளமான முரட்டு இழை, உள்ளே மென்மையான இழை, பிசுக்கு குறைவு, கையால் நூற்கத் தோதானது, விரிப்பாக நெய்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஊர்ப் பெண்கள் நூற்று, சாயமேற்றி, பாட்டிமார் காலத்துக் கோலங்களை நெய்து விற்றார்கள். கூலி கைக்கு வந்தது. மேய்ச்சல் நிலம் கேட்டுக் கிடைக்காதபோது, 1989-ல் அரசின் வனவிலங்குப் பகுதிக்குள்ளேயே மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1990-ல் வரேலாவுக்கு மக்ஆர்தர் நல்கை என்ற பெரிய அமெரிக்க உதவித்தொகை கிடைத்தது.

நான் பண்பாட்டுப் பெருமை என்று எழுதியது இதைத்தான். எங்கள் ஆடு உலகிலேயே மூத்தது என்று அவர் மேடை போட்டிருந்தால் நீங்கள் சொல்வதுபோல அவரையும் சாடியிருப்பேன். அந்த ஆட்டுக்குப் புல் தேடி அலைந்தவர் அவர்.

உங்கள் மாவட்டத்தில் கைவிட்டுப் போன ஒரு மாட்டினத்தையோ ஒரு தறியையோ மீட்டு, அதில் நாலு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர் இருந்தால் எழுதுங்கள். நானே புறப்பட்டு வருகிறேன். இதே பக்கங்களில், இதைவிடப் பெரிதாக எழுதுவேன்.